பழைய பதிப்பை அகற்றுமுன்: ஃபோட்டோஷாப் பொறுப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

அடோபி நிறுவனத்தில் ஃபோட்டோஷாப் மென்பொருளின் வளர்ச்சிக்குப் பொறுப்பு வகிக்கும் தலைமை அலுவலர் அவர்களுக்கு,



ஃபோட்டோஷாப்பின் பெரும் பதிப்பு ஒன்று வெளிவரும்போது அதில் புதிதாகச் சேர்ந்தவை எவை என்பதைத் தங்கள் நிறுவனம் விரிவாக அறிவிக்கிறது. ஆனால் முந்தைய பதிப்பில் பயனர் தம் கைக்கேற்ப ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்தவற்றுள் எவை புதிய பதிப்புக்கு வந்து சேர்ந்தன, எவை வழியில் விடுபட்டன என்பதை உரிய நேரத்தில் அவருக்கு எடுத்துச் சொல்லும் ஏற்பாடு அம்மென்பொருளில் இல்லை. இம்மடல் அந்த ஒரு குறையைப் பற்றியது. செருகுநிரல்களும் அமைப்புகளும் பயனரின் உழைப்பாலும் பணத்தாலும் உருவான உடைமைகள் என்ற கருத்தே இதற்கு அடிப்படை. அவ்வுடைமைகளைச் சேதமின்றி இடம் மாற்றித் தரும் கடமை, மேம்படுத்துமாறு அழைப்பவரையே சாரும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு.

‘அமைப்புகள்’ என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியிருப்பதால், முதலில் அவற்றைப் பிரித்துக் காண்பது நல்லது. கணினியின் நினைவகத்தில் எவ்வளவு பங்கை மென்பொருள் எடுத்துக்கொள்ளலாம், தற்காலிகக் கோப்புகளை எந்த வட்டில் வைக்கலாம், அளவுகோல் அங்குலத்திலா மில்லிமீட்டரிலா என்பன போன்ற பொதுத் தெரிவுகள் விருப்பத்தெரிவுகள் எனப்படும். ஒருமுறை செய்து பெயரிட்டு வைத்து மீண்டும் மீண்டும் எடுத்தாளும் பிரஷ்கள், கிரேடியன்ட்கள், பேட்டர்ன்கள், வண்ணத் தொகுதிகள் ஆகியவை முன்னமைவுகள். திரையில் எந்தப் பலகை எங்கே நிற்க வேண்டும் என்ற பணியிட ஒழுங்கும், எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற குறுக்குவிசைப் பட்டியலும் வேறொரு வகை. இவை எல்லாவற்றையும்விட மதிப்புடையது, 1996-இல் வந்த நான்காம் பதிப்பு முதல் இருந்துவரும் ‘ஆக்ஷன்’ என்னும் வசதி; பயனர் வரிசையாகச் செய்யும் வேலைகளை மென்பொருள் பதிந்துகொண்டு, பின்னர் ஒரே சொடுக்கில் அவ்வரிசையை அப்படியே திரும்பச் செய்து தருவது அது.

ஆக்ஷனின் மதிப்பை உணர, தமிழ்நாட்டுச் சிற்றூர் ஸ்டூடியோக்களில் அன்றாடம் நடக்கும் ஒரு சிறு வேலையை அருகில் சென்று பார்க்கலாம். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எட்டினை 4×6 அங்குலத் தாள் ஒன்றில் அச்சிட்டுத் தருவது அவ்வேலை. படம் ஒவ்வொன்றும் 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுத் துல்லியத்தில் அது 413-க்கு 531 பிக்சல் ஆகும். வெட்டிய படத்தைச் சுற்றி மெல்லிய கோடு இட்டு, கத்தரிக்க இடம் விடும்பொருட்டு வெள்ளை விளிம்பு சேர்த்து 450-க்கு 600 பிக்சலாக அகட்டி, அதனைப் பேட்டர்னாக வரையறுத்து, 1800-க்கு 1200 பிக்சல் கொண்ட புதிய தாளை அப்பேட்டர்னால் நிரப்பினால், வரிசைக்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுப் படங்கள் ஒரு பிக்சலும் மிஞ்சாமல் அமர்ந்துவிடுகின்றன. இந்தக் கணக்கை யாரோ ஒருவர் ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்து, ஆக்ஷனாகப் பதிந்து, விசைப்பலகையின் மேல்வரிசையிலுள்ள ஒரு விசையில் ஏற்றிவைத்திருப்பார். பின்னர் வேலைக்குச் சேர்ந்தவர் கணக்கை அறியாமலே அந்த விசையை அழுத்தி, வாசலில் காத்திருக்கும் மாணவருக்குப் படத்தைக் கொடுத்தனுப்புவார். கணக்குப் போட்டவர் வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகும் அவருடைய அறிவு அந்த விசையில் தங்கியிருக்கிறது. மேம்படுத்தலின்போது அந்த ஆக்ஷன் விடுபட்டால், அதைத் திரும்ப உருவாக்கத் தெரிந்தவர் பல இடங்களில் ஒருவரும் இருப்பதில்லை.

பலகையில் ஆக்ஷனின் பெயர் தெரிவதாலேயே அது பத்திரமாகச் சேமிக்கப்பட்டுவிட்டது என்று கருதுவோர் பலர். உண்மையில், பயனர் தாமாகச் சேமிப்புக் கட்டளையைக் கொடுத்து ஏ.டி.என். என்ற பின்னொட்டுள்ள தனிக் கோப்பாக எழுதிவைத்தாலன்றி, பலகையில் தெரிபவை எல்லாம் பதிப்புக்கு ஒன்றாக அமைந்த அமைப்புக் கோப்புறையில் ஒரே கோப்பாகத் திரண்டு கிடக்கின்றன. அக்கோப்பும் மென்பொருளை முறையாக மூடும்போதே புதுப்பிக்கப்படுவதால், நடுவில் மின்சாரம் போனாலோ மென்பொருள் திடீரென நின்றுபோனாலோ, அன்று பதிந்த ஆக்ஷன் அன்றோடு போயிற்று. விண்டோஸ் கணினியில் அந்தக் கோப்புறை, ஆப்டேட்டா என்னும் மறைக்கப்பட்ட கோப்புறைக்குள், ரோமிங், அடோபி என்ற படிகளைத் தாண்டிப் பதிப்பின் பெயரோடு இருக்கிறது. மேக் கணினியில் பயனரின் லைப்ரரி கோப்புறைக்குள் இருக்கிறது, அந்த லைப்ரரியும் இயல்பில் மறைந்தே இருப்பது. கேமராவின் மூலத் தரவைப் படமாக்கும் ‘கேமரா ரா’ என்ற பகுதியின் முன்னமைவுகளோ இவற்றோடு சேராமல் வேறொரு கோப்புறையில் வைக்கப்படுகின்றன. தச்சர் தம் உளி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அறிவார். படத்திருத்தக் கலைஞருக்குத் தம் கருவிகள் இருக்கும் இடம் தெரிவதில்லை, தெரிவிக்கப்படுவதும் இல்லை.

இடமாற்றத்துக்கு வழியே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. புதிய பதிப்பை நிறுவும்போதே முந்தைய அமைப்புகளைக் கொண்டுவருமாறு கேட்கும் தெரிவு ஒன்று உண்டு. 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல், முன்னமைவுகளைப் பழைய பதிப்பிலிருந்து பெயர்த்தெடுக்கும் கட்டளை ஒன்றும், அவற்றை வெளியே எழுதி வேறிடத்தில் உள்வாங்கும் கட்டளை ஒன்றும் பட்டியில் இருக்கின்றன. ஆயினும் இவற்றுள் முதல் இரண்டும் பழைய பதிப்பின் அமைப்புகள் அதே கணினியில் இருந்தால் மட்டுமே பயன் தருபவை. சிறு தொழில் செய்வோர் பெரும்பாலும் மென்பொருளை மாற்றுவது கணினியை மாற்றும்போதுதான். புதிய கணினியில் பெயர்த்தெடுப்பதற்குப் பழைய பதிப்பு ஏதும் இருக்காது. மூன்றாம் வழி அவர்களுக்கு உதவக்கூடும், ஆனால் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அதை நினைவில் வைத்துச் செய்திருக்க வேண்டும். வட்டு பழுதான பிறகு அந்த வழியும் அடைபட்டுப்போகிறது. மேலும், இந்த மூன்று வழிகளும் தனித்தனியே வெவ்வேறு பொருள்களைக் கொண்டுசெல்கின்றன என்பதும், எந்த வழியில் எது வரும், எது வராது என்பதும் உதவிப் பக்கங்களைத் தேடிப் படிப்பவருக்கு மட்டுமே தெரியவருகின்றன. ஃபோட்டோஷாப்பின் இடைமுகம் தமிழில் இல்லாத நிலையில், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து வேலை செய்யும் கலைஞரிடம் இந்த வேறுபாடுகளை எதிர்பார்ப்பது பொருந்தாது.

செருகுநிரல்களின் நிலை இதனினும் கடினமானது. செருகுநிரல் என்பது, ஒரு மென்பொருளின் உள்ளே சென்று அமர்ந்து அதில் இல்லாத ஒரு திறனை அதற்குச் சேர்த்துத் தரும் சிறு மென்பொருள். ‘பிளக்-இன்’ என்ற பெயரே ஸ்டூடியோக்களில் வழங்குகிறது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கி 1990 பிப்ரவரியில் அடோபி வெளியிட்ட ஃபோட்டோஷாப், பிறர் எழுதும் நிரல்களுக்குத் தொடக்க காலத்திலேயே இடமளித்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த ‘கைஸ் பவர் டூல்ஸ்’ முதல் இன்று மணப்பெண்ணின் முகத்தோலைச் சீராக்கப் பயன்படும் ‘போர்ட்ரெய்ச்சர்’ வரை பலவும் அவ்வழியே வந்தவை. தங்கள் நிறுவனம் வகுத்த 8பிஎஃப் என்னும் ஃபில்டர் வடிவம் இத்துறையின் பொதுவழக்காகவே ஆகி, அஃபினிட்டி ஃபோட்டோ போன்ற போட்டி மென்பொருள்களும் அவ்வடிவிலான செருகுநிரல்களை ஏற்கும் அளவுக்குச் சென்றது. ஃபோட்டோஷாப் பெற்ற செல்வாக்கில் இந்தப் பிறர் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

பிரஷ் ஒன்றை எந்தக் கணினிக்கும் எடுத்துச் செல்லலாம், ஏனெனில் அது வெறும் தரவு. செருகுநிரலோ ஒரு குறிப்பிட்ட வகைச் செயலிக்கென்று பொறிமொழியாக ஆக்கப்பட்ட நிரல் ஆதலின், செயலியோ அதைத் தாங்கும் கட்டமைப்போ மாறும் ஒவ்வொரு முறையும் அதை எழுதியவரே திரும்ப ஆக்கித் தந்தாலன்றி அது ஓடாது. விண்டோஸில் 2008-இலும் மேக்கில் 2010-இலும் ஃபோட்டோஷாப் 64 பிட் ஆனபோது, 32 பிட் செருகுநிரல்கள் அந்தப் புதிய வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. 2021 மார்ச்சில் ஆப்பிளின் எம்1 செயலிக்கென இயல்பாக ஓடும் ஃபோட்டோஷாப் வந்தபோது, இன்டெல் செயலிக்கென எழுதப்பட்டவை ‘ரொசெட்டா’ என்னும் மொழிமாற்றுப் படலத்தின் மேல் ஓட்டினால் மட்டுமே இயங்கின. பலகை வகைச் செருகுநிரல்களின் கதை இன்னும் அலைச்சலானது. முதலில் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டவை 2014-ஆம் ஆண்டுப் பதிப்போடு கைவிடப்பட்டு வலைப்பக்க நுட்பத்துக்கு மாற்றப்பட்டன. 2020 அக்டோபரில் யூ.எக்ஸ்.பி. என்ற வேறொரு புதிய கட்டமைப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தக்க காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும், ஒருவரே உட்கார்ந்து எழுதி விற்றுவந்த சில நல்ல கருவிகள் திரும்ப எழுத ஆளில்லாமல் நின்றுபோயின என்பதும் உண்மை.

நிக் கலெக்ஷன் என்ற செருகுநிரல் தொகுப்புக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. அதை உருவாக்கிய நிக் சாஃப்ட்வேர் நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. 2016 மார்ச்சில் அத்தொகுப்பு இலவசமாக்கப்பட்டு, உலகெங்கும் எண்ணற்ற கலைஞர்கள் தம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அதையே நம்பத் தொடங்கினர். 2017-இல் இனி அதற்கு மேம்பாடு இராது என்று கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு நிறுவனமான டிஎக்ஸ்ஓ அதை வாங்கிப் பின்னர் மீண்டும் விலைக்குக் கொண்டுவந்ததால் அது பிழைத்தது. அப்படி வாங்க முன்வருவோர் எல்லாச் செருகுநிரல்களுக்கும் அமைவதில்லை.

முன்னமைவுகளைப் பெயர்த்தெடுக்கும் கட்டளை பிறர் தயாரித்த செருகுநிரல்களைத் தொடுவதே இல்லை. அவற்றைத் தயாரித்தவரிடமிருந்து திரும்ப நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதே விதி. பழைய கோப்புறையிலிருந்து புதியதற்கு நகலெடுத்து ஒட்டினால், சில ஓடும்; உரிமக் குறிப்பை வேறிடத்தில் எழுதிவைக்கும் பல செருகுநிரல்கள் உரிம எண்ணைத் திரும்பக் கேட்டு நிற்கும். அவ்வெண்ணைப் பல ஆண்டுகளுக்கு முன் வந்த மின்னஞ்சலில் தேட வேண்டியிருக்கும். அதற்குள், செருகுநிரலைத் தன் நடுப்படியாகக் கொண்ட ஆக்ஷன் ஒன்றை யாரேனும் இயக்கினால், அந்தக் கட்டளை இப்போது கிடைக்கவில்லை என்ற அறிவிப்போடு வேலை பாதியில் நிற்கும். ஆக்ஷன் பத்திரமாக வந்துசேர்ந்திருந்தும் அதனால் பயனில்லாமல் போகும்.

இழப்பு கருவிகளோடு நிற்பதும் இல்லை, முடிந்துபோன படங்களையும் அது தொடுகிறது. 2007-இல் வந்த சிஎஸ்3 முதல் ‘ஸ்மார்ட் ஃபில்டர்’ என்னும் வசதி இருக்கிறது. படத்தின் மூலத்தை மாற்றாமல், அதன் மேல் ஒரு விளைவை வேண்டும்போது திருத்திக்கொள்ளும்படி போர்த்திவைப்பது அது. அவ்விளைவு ஒரு செருகுநிரலால் ஆனதாயின், அச்செருகுநிரல் இல்லாத கணினியில் படம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த விளைவின் அளவைத் திறந்து திருத்த இயலாது. திருத்திக்கொள்ளலாம் என்ற உறுதியை நம்பியே கலைஞர் அவ்வாறு சேமித்துவைத்தார். 2022-இன் இறுதியில் ‘பேன்டோன்’ என்னும் அச்சு வண்ண முறையின் வண்ண நூல்கள் ஃபோட்டோஷாப்பிலிருந்து நீக்கப்பட்டபோது, அவ்வண்ணங்களைக் கொண்ட பழைய கோப்புகள் அவ்விடங்களில் கறுப்பு நிறத்தோடு திறந்ததை அச்சுத்துறையினர் மறக்கவில்லை. அதற்குக் காரணம் உரிம ஒப்பந்தத்தில் நேர்ந்த மாற்றம். எனினும், பழைய கோப்பு என்றும் பழையபடியே திறக்கும் என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

இந்த நிலையில், புதிய பதிப்பை நிறுவும் சாளரத்தில் ‘பழைய பதிப்புகளை அகற்று’ என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டு வந்து நிற்பது பெரும் தவறு. அவசரத்தில் அடுத்து, அடுத்து என்று அழுத்திச் செல்பவர் தாம் எதற்கு ஒப்புதல் தந்தார் என்பதை அறியும்போது, அவருடைய செருகுநிரல்கள் ஓடிய ஒரே இடம் கணினியில் இல்லை. திரும்ப நிறுவிக்கொள்ளலாம் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. 2019 மே மாதத்தில் தங்கள் நிறுவனம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, சந்தாதாரர் தரவிறக்கிக்கொள்ளக் கூடியவை அண்மைய இரு பெரும் பதிப்புகள் மட்டுமே. மூன்று பதிப்புகளுக்கு முன் சரியாக ஓடிய செருகுநிரலுக்கு, மாதந்தோறும் சந்தா செலுத்துபவராலும் அதன் பழைய வீட்டைத் திரும்பப் பெற முடியாது.

பழைய பதிப்புகளைப் பராமரிப்பதில் பாதுகாப்புச் சிக்கல் உண்டு என்பதும், பிறர் எழுதிய நிரலின் குறைக்கு அடோபி பொறுப்பேற்க இயலாது என்பதும் ஏற்கத்தக்க விடைகளே. ஆனால் இங்கே கேட்கப்படுவது செருகுநிரல்களைப் பழுதுபார்த்துத் தருமாறு அன்று. அவற்றின் நிலையைப் பயனருக்கு முன்கூட்டியே சொல்லுமாறு மட்டுமே. அதற்கு வேண்டிய தகவல் ஃபோட்டோஷாப்பிடம் ஏற்கெனவே இருக்கிறது. உதவிப் பட்டியிலுள்ள ‘சிஸ்டம் இன்ஃபோ’ என்ற கட்டளையைத் திறந்தால் வரும் நீண்ட உரையின் இறுதிப் பகுதியில், நிறுவப்பட்டுள்ள பிறர் செருகுநிரல்கள் எவை, ஏற்ற முயன்றும் ஏறாதவை எவை என்ற பட்டியல் காணப்படுகிறது. தொழில்நுட்ப உதவியாளரின் கண்ணுக்கென எழுதப்பட்ட அந்தப் பட்டியலை, உரிமையாளரின் கண்ணுக்கு முன்னே, பழைய பதிப்பு அகற்றப்படுவதற்கு முன்னே கொண்டுவந்து வைப்பது பெரிய பொறியியல் சாதனையை வேண்டி நிற்பதன்று.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைவு செல்லவும் வேண்டாம். தங்கள் நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக், பெரும் பதிப்பு மாறும்போது பயனரின் படப் பட்டியலைப் புதிய வடிவில் தனியே எழுதிக்கொண்டு, பழைய பட்டியலை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறது. ஏதேனும் தவறினால் திரும்பிப் போக வழி இருக்கிறது. கட்டற்ற மென்பொருளான கிம்ப், முதன்முறை திறக்கப்படும்போது முந்தைய பதிப்பின் அமைப்புகளைத் தன் புதிய கோப்புறைக்கு நகலெடுத்துக்கொண்டு பழையதை அப்படியே விட்டுவிடுகிறது. 2018 ஏப்ரலில் வந்த அதன் 2.10 பதிப்புக்கென எழுதப்பட்ட செருகுநிரல்கள் 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் அப்படியே ஓடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் 2020 நவம்பர் முதலே 2.99 என்ற சோதனைப் பதிப்புகள் வரிசையாக வெளிவந்ததால், செருகுநிரல் எழுதுவோருக்குத் தம் நிரலைத் திருத்திக்கொள்ள நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. தன்னார்வலர்கள் சிலர் கூடி நடத்தும் திட்டத்தால் இயன்றது, உலகின் பெருநிறுவனங்களுள் ஒன்றுக்கு இயலாததாக இருக்க முடியாது.

ஆதலின், விருப்பத்தெரிவு, முன்னமைவு, ஆக்ஷன், குறுக்குவிசை, பணியிடம், கேமரா ரா முன்னமைவு ஆகிய அனைத்தையும், நிறுவப்பட்டுள்ள செருகுநிரல்களின் பெயர், பதிப்பு எண், தயாரித்தவர் ஆகிய விவரங்களோடு ஒரே கோப்பாகக் கட்டித் தரும் ஒரு கட்டளை ஃபோட்டோஷாப்பில் வேண்டும். அக்கோப்பைப் பென் டிரைவில் போட்டுப் புதிய கணினிக்குக் கொண்டுசென்று அவிழ்க்க முடிய வேண்டும். மேம்படுத்தல் முடிந்ததும், வந்து சேர்ந்தவற்றுக்கு நேரே ஒரு குறியும் வராதவற்றுக்கு நேரே வேறொரு குறியும் இட்ட பட்டியல் திரையில் தோன்ற வேண்டும். அதைப் புரிந்துகொள்ள அதிகம் ஆங்கிலம் தேவைப்படாது. ஒருவர் சந்தா செலுத்தும் காலம் முழுவதும், அவர் முன்னர் பயன்படுத்திய பதிப்பைப் பாதுகாப்பு எச்சரிக்கையோடாவது திரும்ப நிறுவிக்கொள்ளும் உரிமை அவருக்கு வழங்கப்பட வேண்டும்.

ஃபோட்டோஷாப்பின் பெரும் பதிப்பு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் அக்டோபரை ஒட்டியே வெளிவருகிறது. தமிழ்நாட்டில் புரட்டாசி முடிந்து ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கும் காலம் அது. திருமண ஆல்பம் செய்வோருக்கு ஒரு நாளும் வீணாக்க முடியாத காலம். மேற்சொன்னவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க இயலாமற்போகலாம். ஆனால் அடுத்த பெரும் பதிப்பு வெளிவருமுன், ‘பழைய பதிப்புகளை அகற்று’ என்ற கட்டத்திலிருந்து முன்கூட்டியே இடப்படும் குறியை எடுத்துவிடுவது ஒரு நாள் வேலை. அதையேனும் இந்த ஆண்டே செய்துதருமாறு தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.

இப்படிக்கு,
ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்வோர் சார்பில்